லின்டால் மைதானத்தின் மாட்டு வாசல்

லின்டால் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு நான்கு வாசல்கள். மூன்றுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களை யாரும் சொல்வதில்லை. நான்காவது, தெற்கு முனையில் இருப்பது, மாட்டு வாசல். நன்கொடையாளர் பெயர் இல்லாத அந்த ஒரு வாசலைத்தான் விஸ்கான்சினில் எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் எல்லோருக்கும் தெரியும்.

மைதானம் இரண்டு சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவே கிடக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய மாணவர்களும் அக்கம்பக்கத்து விவசாயிகளும் குதிரைகளைப் பூட்டி, சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, அங்கேயே உடைத்த கல்லைப் பாவினார்கள். இன்றைக்கும் கேலரி முழுவதும் கல்தான். நவம்பரில் கம்பளி மடித்துப் போடாமல் உட்கார்ந்தவர்கள் ஆட்டம் முடிந்து எழுந்து நடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். மேற்கேயும் கிழக்கேயும் குன்று, வடக்குப் பக்கம், அந்தப் போரின்போது பிரான்சில் இறந்துபோன மாணவர்களின் பெயர்கள் பொறித்த சுவர், தெற்கு மட்டும் திறந்தவெளி. மொத்தத்தில் ஒரு லாட வடிவம். சுவரின் அடியில் ஓர் ஊற்று. எந்தக் குளிருக்கும் உறையாது. அதன் தண்ணீர் ஒரு கல்தொட்டியில் விழுந்து வழிந்து போய்க்கொண்டே இருக்கும். ஆட்டக்காரர்கள் அதில் தலையை முக்கி எடுப்பார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கு தோர்வால்ட் ஸ்கார் என்ற விவசாயியின் மேய்ச்சல் நிலம். சுவரில் உள்ள பெயர்களில் ஒன்று அவருடைய மகனுடையது. நிலத்தைச் சும்மாவே எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. அவருடைய மாடுகள் அந்த ஊற்றில்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன, ஆகவே ஸ்கார் வீட்டு ஆள் ஒருவர் முன்னால் நடந்து மாடுகளை மைதானத்தின் வழியே ஊற்றுக்கு ஓட்டிப் போகலாம். கல்லூரி தடுக்கக் கூடாது. ஒரு வருடம் முழுக்க ஒருமுறைகூட ஓட்டவில்லை என்றால் அந்த உரிமை போய்விடும். ஆரம்பத்தில் ஆட்டத்தின் இடைவேளையையே மாடுகளின் தாகத்துக்குத் தகுந்தபடி வைத்தார்களாம். பிறகு பண்ணையில் கிணறு வந்தது, குழாய் வந்தது. ஆனாலும் வருடத்தின் முதல் ஆட்டத்தன்று, இடைவேளையில், பேண்டு வாத்தியக்காரர்கள் ஒதுங்கி நிற்க, ஸ்கார் மாடுகள் தெற்கு வாசல் வழியே வந்து, நீளவாக்கில் மைதானத்தைக் கடந்து, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும். ஜனங்கள் எழுந்து நிற்பார்கள். அப்புறம் மண்வெட்டியோடு நாலு பேர் ஓடிவந்து குளம்புக் குழிகளை மூடுவார்கள்.

நான் டெல்மர் நாஸ். மேற்குக் குன்றின் மேல் ஒரு பச்சை மரப்பெட்டி மாதிரி இருக்கும் அறையில் உட்கார்ந்து, வானொலிக்கும் மைதானத்து ஒலிபெருக்கிக்கும் சேர்த்து ஆட்டத்தைச் சொல்வது என் வேலை. அந்தப் பண்ணை இப்போது ராக்னா ஸ்காருடையது, தோர்வால்டின் பேத்தி. நானும் ராக்னாவும் ஒன்பது வருடம் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம். ஒரே கூரைக்குக் கீழே எங்களுக்கு ஒத்துவரவில்லை. நான் ஊருக்குள் வீடு பார்த்துக்கொண்டு போன பிறகு நன்றாகவே ஒத்துப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வேலியைச் சரிசெய்யப் போவேன். அவள் சாப்பாடு போடுவாள். திட்டவும் செய்வாள்.

நான் சொல்லப்போவது தொண்ணூற்று நான்காம் வருடம் நடந்தது. அந்த வசந்தத்தில் கல்லூரித் தலைவர் டாக்டர் ப்ரூவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பிலடெல்பியாக்காரர். வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மேஜையில் ஒரு பெரிய வரைபடம் விரித்திருந்தார். தெற்கு முனையை அடைத்து ஒரு புது கேலரி, அதற்குக் கீழே இரண்டு அணிகளுக்கும் உடை மாற்றும் அறைகள்.

"இப்ப பசங்க எங்க உடுப்பு மாத்தறாங்கன்னு பாத்திருக்கீங்களா, நாஸ்?"

"தகரக் கொட்டகையில சார். வாசலுக்கு வெளிய."

"வெந்நி கெடையாது. போன வருஷம் இல்லினாய்லேர்ந்து வந்த அணி குளிக்காமயே பஸ் ஏறிடுச்சு. எனக்கு வெக்கமா இருக்கு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த மாட்டு வழிய அந்தம்மா விட்டுக் கொடுத்தா போதும். புது கேலரிக்கு அவங்க குடும்பப் பேரையே வச்சிடலாம். உங்களுக்கு அவங்கள நல்லாத் தெரியும்னு சொன்னாங்க."

"ஒம்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன் சார். தெரியும்னு சொல்ல முடியாது."

அன்று மாலை பண்ணைக்குப் போனேன். ராக்னா தொழுவத்தில் கறவை எந்திரத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது, ஆண்பிள்ளை மாதிரி தோள். நான் சொல்லி முடிக்கிறவரை மாட்டின் வயிற்றில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"கேலரிக்கு எங்க தாத்தா பேரா?"

"ஆமா."

"நல்லது. மார்ஜ், கேட்டியா?" என்று மாட்டைத் தட்டினாள். மார்ஜ்தான் மந்தைக்குத் தலைவி. "அவளுக்குப் படிக்கத் தெரியாதாம். வேண்டாங்கறா."

"வெளையாடாத ராக்னா. ஒனக்குத்தான் குழாய்ல தண்ணி வருதே. கால்பந்தும் ஒனக்குப் பிடிக்காது."

"கால்பந்துன்னு பேரு. பந்தக் கையில தூக்கிட்டு ஓடறானுங்க. எவன் பிடிப்பான் அத?" எந்திரத்தை அடுத்த மாட்டுக்கு மாற்றினாள். "இங்க பாரு டெல். வருஷம் பூரா விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கறேன். ஒருத்தன் ஒரு வார்த்த கேக்கறதில்ல. அந்த ஒரு நாள்தான் இத்தன சனம் என் மாட்டுக்காக எந்திரிச்சு நிக்குது. ஜட்ஜ் நிக்கறாரு, டாக்டர் நிக்கறாரு, எங்க பாதிரியார் நிக்கறாரு. அத எதுக்கு நான் விக்கணும்?"

ப்ரூவரிடம் போய் முடியாதாம் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலையில் ஒரு கிடேரி மிரண்டு உதைத்ததில் ராக்னாவின் கீழ்க்கால் எலும்பு முறிந்தது. தொடைவரை மாவுக்கட்டு. பால் கறக்க அவள் சித்தி மகன் ஆர்லன் வந்தான். ராக்னா கக்கத்தில் ஊன்றுகோல்களோடு நின்று அவனை வேலை வாங்கினாள். மருத்துவர் கிறிஸ்துமஸ் வரை ஓடியாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

செய்தி கல்லூரிக்கும் போயிற்று. ப்ரூவர் என் அறைக்கே ஏறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்தார். ஜன்னல் வழியாகக் காலி மைதானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நம்ம வக்கீல் ஒண்ணு சொல்றாரு. நாம ஒண்ணுமே பண்ண வேண்டாமாம். அந்தம்மாவால நடக்க முடியாது. ஆர்லன் ஸ்கார் இல்ல, அம்மா வழி. வருஷம் முடிஞ்சா உரிமை தானாப் போயிடும்னு."

"சரிதான் சார்."

"சட்டப்படி சரிதான். ஆனா மனசுக்கு ஒட்ட மாட்டேங்குது." எழுந்துகொண்டார். "நான் ஒதவவும் மாட்டேன், தடுக்கவும் மாட்டேன். அத அவங்ககிட்ட சொல்லிடுங்க."

சொன்னேன். ராக்னா, "பாவம், நல்ல மனுசன்தான்" என்றாள். "நான் கட்டோடயே நடப்பேன்."

ஆகஸ்டில் ஒத்திகை பார்த்தோம். மாடுகளை மேய்ச்சல் நிலத்தில் நிறுத்திவிட்டு அவள் ஊன்றுகோல்களோடு முன்னால் நடந்தாள். டக், டக் என்று கோல் கல்லில் படுவதைக் கேட்டதும் மார்ஜ் அப்படியே திரும்பினாள். மற்ற மாடுகளும் திரும்பின. மறுநாள் கோலுக்குத் துணி சுற்றிப் பார்த்தோம். சத்தம் போயிற்று, ஆனால் அவள் நடை விந்தி விந்திப் போவதே அவற்றுக்குப் பிடிக்கவில்லை. அவள் உட்கார்ந்து போக ஆர்லன் ஒரு சின்ன மோட்டார் வண்டி கொண்டுவந்தான். அது புறப்பட்ட சத்தத்தில் மாடுகள் சோளக் கொல்லைக்குள் போய்விட்டன. அவற்றைத் தேடிப் பிடிப்பதிலேயே சாயங்காலம் போய்விட்டது.

"அன்னிக்கு வருதுங்க பாரு," என்றாள் ராக்னா. "கூட்டத்தப் பாத்தா ஞாபகம் வந்துரும்."

எனக்கு நம்பிக்கை இல்லை. அவளுக்கும் இல்லை என்று நினைக்கிறேன். மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, கோலில் சுற்றிய துணியை அவிழ்த்தாள்.

முதல் ஆட்டம் செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. மேகம் போட்டிருந்தது, காற்று இல்லை. சாசேஜ் சுடுகிற புகை கேலரிக்கு மேல் அசையாமல் நின்றது. எதிரணி அயோவாவிலிருந்து வந்திருந்தது. எங்கள் அணிக்கு நாரைகள் என்று பெயர். அந்த வருடம் பெயருக்குத் தகுந்த மாதிரியே ஒற்றைக்காலில் நின்றது. இடைவேளைக்குள் இரண்டு டச்டவுன் பின்தங்கிவிட்டோம். இரண்டு அணிகளும் தெற்கு வாசல் வழியே தகரக் கொட்டகைகளுக்குப் போயின. பேண்டு வாசித்து முடித்து ஓரமாக ஒதுங்கியது. நான் மைக்கில் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "ஸ்கார் பண்ணையின் மாடுகள் வருகின்றன."

ஜனங்கள் எழுந்து நின்றார்கள்.

ஆர்லன் வேலிப்படலைத் திறந்தான். முதலில் ராக்னா வந்தாள். ஞாயிறு ஆராதனைக்குப் போடும் நீல உடுப்பு, ஒரு காலில் பூட்ஸ். மெதுவாக, கோலை ஊன்றி ஊன்றி, இருபது கெஜக் கோடுவரை வந்து திரும்பிப் பார்த்தாள். மாடுகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தன. மார்ஜ் தலையை நீட்டி அந்தக் கோல்களையே பார்த்தாள். பின்னாலிருந்த மாடுகள் நெருக்கியடித்ததில் வாசல் முழுவதும் அடைபட்டது.

சிறிது நேரத்தில்தான் விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. மாடுகளுக்குப் பின்னால் இரண்டு அணிகளும் கொட்டகையை விட்டு வந்து நின்றன. உள்ளே வர அவர்களுக்கு வேறு அகலமான வழி இல்லை. அயோவா கோச் கையை ஆட்டி ஆர்லனிடம் என்னவோ கேட்டார். ஆர்லன் தோளைக் குலுக்கினான். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராக்னா மைதானத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அத்தனை ஜனமும் நின்றபடியே இருந்தார்கள், அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

அவள் மார்ஜைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வாய் அசைவில் தெரிந்தது. மார்ஜ் ஒரு எட்டுகூட வைக்கவில்லை.

பண்ணையில் இருந்த ஒன்பது வருடமும் சாயங்காலம் மாடுகளைக் கூப்பிடுவது என் வேலையாக இருந்தது. ராக்னாவுக்கு அப்படி நீளமாகக் குரல் வராது. வேலியோரம் நின்று நான் ஒரு சத்தம் கொடுத்தால் குன்றின் அந்தப் பக்கத்திலிருந்தும் வரும். நான் போன பிறகு அவள் ஒரு வாளியைத் தட்டிக் கூப்பிட்டாள். மார்ஜ் என் காலத்தில் கன்றுக்குட்டி. இதையெல்லாம் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். மைக் கையில் இருந்தது, ராக்னா தனியாக நின்றாள், அவ்வளவுதான்.

"கம்ம் பாஸ்," என்றேன். எங்கள் பக்கத்தில் மாட்டை அழைக்கிற சத்தம் அது. முதலாளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "கம்ம் பாஸ். கம்ம் பாஸ். கம்ம்."

பெரிய ஒலிபெருக்கிகள் வடக்குச் சுவரின் மேல், ஊற்றுக்கு நேரே இருந்தன. என் குரல் அங்கிருந்து கிளம்பி இரண்டு குன்றிலும் பட்டுத் திரும்பியது. பதினைந்து வருடமாக ஆட்டம் சொல்கிறேன், என் குரலை அந்தப் பள்ளத்தாக்கில் நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

மார்ஜின் காது நிமிர்ந்தது. இன்னொரு முறை கூப்பிட்டேன். அவள் நடக்க ஆரம்பித்தாள். பிறகு எல்லாமே நடந்தன. கறுப்பும் வெள்ளையுமாக, வயிறு ஆட, அவசரமில்லாமல். ராக்னா சட்டென்று திரும்பி வடக்கே பார்த்துக் கோலை ஊன்றினாள். அவளால் முடிந்த வேகத்தில் போனாள். நடுக்கோடுவரை அவள்தான் முன்னால். அங்கே மார்ஜ் அவளை எட்டிப் பிடித்து, ஒரு கணம் முகர்ந்து பார்த்துவிட்டு, தாண்டிப் போனாள். மற்ற மாடுகள் ராக்னாவுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து போய் மறுபடி சேர்ந்துகொண்டன. அவள் கடைசியாகத்தான் ஊற்றுக்கு வந்து சேர்ந்தாள். கல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கோல்களைக் கீழே போட்டாள்.

அப்போதுதான் கேலரியில் கைதட்டல் எழுந்தது. ஆரவாரம் இல்லை, மழை பிடிக்கிற மாதிரி ஒரு பக்கத்தில் தொடங்கி மெல்லப் பரவி, வெகுநேரம் நீடித்தது. அயோவாக்காரர்களும் தட்டினார்கள்.

திரும்பும்போது மாடுகளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. ராக்னாவால்தான் முடியவில்லை. எங்கள் தடுப்பாட்டக்காரர்கள் இரண்டு பேர் கைகளைக் கோத்து அவளை உட்காரவைத்து, மேற்குக் குன்றின் படிகளில் தூக்கிவந்து என் அறையில் இறக்கிவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் வண்டியில் அழைத்துப் போகலாம் என்று ஏற்பாடு. அவள் காலை என் காப்பி மேஜையில் நீட்டினாள்.

"தொண்ட கட்டலையே ஒனக்கு," என்றாள்.

"பேசாம இரு. மைக் ஓடிட்டிருக்கு."

அவள் பேசாமல் இருக்கவில்லை. மூன்றாம் கால்பகுதி தொடங்கியதும், "எதுக்கு எல்லாரும் அவன் மேலயே போய் விழறாங்க?" என்று கேட்டாள். வானொலியில் அப்படியே போனது.

"பந்து அவன்கிட்ட இருக்கு."

"குடுத்துட வேண்டியதுதான?"

"குடுக்கக் கூடாது."

"பின்ன விழுந்ததும் ஏன் குடுத்துடறான்?"

பதில் சொல்ல ஆரம்பித்து, எனக்கே தெளிவாகத் தெரியவில்லை என்று கண்டுகொண்டேன். அந்த ஆட்டத்தில் தோற்றோம். ஆனால் வானொலி நிலையத்துக்கு வந்த அழைப்புகள் எல்லாம் அந்த அம்மா மறுபடி எப்போது வருவார் என்று கேட்டவைதான்.

திங்கட்கிழமை கல்லூரியில் கூட்டம் போட்டார்கள். வக்கீல் பத்திரத்தை வாசித்தார். ஸ்கார் வீட்டு ஆள் முன்னால் நடக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது, சனிக்கிழமை முன்னால் நடந்தது மாடு, ஆகவே அது செல்லாது. ப்ரூவர் அவரைப் பேசி முடிக்க விட்டாராம்.

"நான் வடக்குச் சுவர்கிட்ட உக்காந்திருந்தேன்," என்றாராம். "நான் பாத்த வரைக்கும் அவங்கதான் முன்னாடி வந்தாங்க."

மைதானம் நிறைய ஜனங்கள் வேறு மாதிரி பார்த்திருந்தார்கள். ஆனால் தலைவரே சொல்லும்போது வக்கீல் என்ன செய்வார். காகிதத்தை மூடிவிட்டார்.

இதை நான் சந்தோஷமாகப் போய் ராக்னாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. சமையலறை மேஜையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவரு எதுக்குப் பொய் சொன்னாரு?"

"ஒனக்காகத்தான்."

"நான் கேட்டனா?"

"கேக்கலதான். வந்தத வச்சுக்கயேன்."

"மார்ஜ்தான் முன்னாடி போனா. ஊரே பாத்துச்சு. நாளைக்கு நான் அந்த வாசல்ல நொழஞ்சா எந்திரிச்சு நிக்கற ஒவ்வொருத்தனுக்கும் அது தெரியும்." கோல்களை எடுத்துக்கொண்டாள். "வண்டிய எடு."

"எங்க?"

"எங்கன்னு கேக்கறான் பாரு."

ப்ரூவரின் அறைக்குள் அவளோடு நானும் போனேன். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"சனிக்கிழம நான் முன்னாடி போகல. மாடுதான் போச்சு. உங்க வக்கீல் சொன்னதுதான் சரி."

ப்ரூவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"மிஸ் ஸ்கார், இதச் சொன்னா உங்க உரிமை போயிடுமே."

"போகட்டும். உங்க பொய்யில அது நிக்க வேண்டாம். நீங்க நல்ல எண்ணத்துலதான் சொன்னீங்க, தெரியுது. அதுக்கு நன்றி." அவள் முகம் சிவந்திருந்தது. "உங்க பசங்களுக்கு வெந்நி வேணும். கட்டிக்குங்க."

அவர் அந்த வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார். பென்சிலால் கேலரிக்கு நடுவில் இரண்டு கோடு போட்டார்.

"இங்க தூண் வச்சுத் தூக்கிட்டா, அடியில வழி விடலாம். அறைகள ரெண்டு பக்கமும் பிரிச்சுடலாம். எப்படியும் எதிரணிய நம்ம அணி பக்கத்துல வைக்கக் கூடாதுன்னு கோச் சொல்லிட்டேதான் இருக்காரு." பென்சிலைக் கீழே வைத்தார். "உரிமை போயிடுச்சுன்னே வச்சுக்குவோம். கல்லூரி உங்களக் கூப்பிட்டா வருவீங்களா?"

ராக்னா வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். இரண்டு கோடுகளுக்கு நடுவே விரலை வைத்து அளந்தாள்.

"இது பத்தாது," என்றாள். "மாடு ஒட்டியொட்டி வராது. இன்னும் கொஞ்சம் அகலம் பண்ணுங்க."

அகலம் செய்தார்கள். புது கேலரி மறுவருடம் கோடையில் முடிந்தது. தெற்குக் காற்று அடங்கிவிட்டதில் பந்தை உதைக்கிறவர்களுக்குச் சந்தோஷம். வெந்நீர் வந்தது. எதிரணியினர் குளித்துவிட்டுப் போனார்கள். கேலரிக்கு யார் பெயரும் வைக்கவில்லை. ராக்னா அதைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள் அவள் சமையலறையில் இருந்தேன். தொலைபேசி அடித்தது. ப்ரூவர், செயலாளரை விட்டுச் சொல்லாமல் அவரே பேசினார். முதல் ஆட்டத்துக்கு மாடுகளோடு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். ராக்னா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆட்டம் எத்தன மணிக்கு?... அப்பிடியா. அப்ப இடைவேளைக்கும் கறக்கற நேரத்துக்கும் இடிக்குமே. மடி கனத்துப் போச்சுன்னா நடக்காதுங்க. ஒரு மணி நேரம் முன்னாடி ஆரம்பிக்க முடியுமா?"

மறுமுனையில் அவர் ஏதோ சொன்னார். ராக்னா, "சரி, வர்றோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"மாத்திடறாராம்," என்றாள். "நீ சாப்பிடு, ஆறுது."